பி.எம்.ஐ. எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எம்.ஐ. என்பது என்ன? அதை எப்படிக் கணக்கிடுவது?

ஒருவருடைய எடையை அவருடைய உயரத்தோடு பொருத்திப் பார்ப்பதற்கான எண்ணே உடல் நிறைக் குறியீட்டு எண். பேச்சிலும் மருத்துவ அறிக்கைகளிலும் அதைப் பி.எம்.ஐ. என்றே குறிப்பிடுகிறோம். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். உயரம் 1.65 மீட்டர், எடை 68 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.65-ஐ 1.65-ஆல் பெருக்கினால் 2.7225. 68-ஐ அதனால் வகுத்தால் 24.98. இவ்வளவுதான் கணக்கு.

சென்டிமீட்டரில் அளந்த உயரத்தை மீட்டராக மாற்ற மறந்துவிடுவதும், வர்க்கப்படுத்தாமல் ஒரே ஒரு முறை வகுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதும் பலர் செய்யும் பிழைகள். மேற்சொன்ன கணக்கில் முதல் பிழையைச் செய்தால் விடை 0.0025 என்றும், இரண்டாவதைச் செய்தால் 41 என்றும் வரும். முதலாவது பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரண்டாவது தெரியாது, ஆளைப் பயமுறுத்திவிடும். பவுண்டிலும் அங்குலத்திலும் அளப்பவர்கள், பவுண்டை அங்குலத்தின் வர்க்கத்தால் வகுத்து 703-ஆல் பெருக்க வேண்டும்.

எந்த எண் வரை இயல்பு? எங்கிருந்து உடல் பருமன் தொடங்குகிறது?

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வகுத்துள்ள எல்லைகளின்படி, 18.5-க்குக் கீழே இருப்பது எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு. 25 முதல் 29.9 வரை அதிக எடை. 30-உம் அதற்கு மேலும் உடல் பருமன். உடல் பருமனுக்குள்ளும் 30 முதல் 34.9 வரை முதல் நிலை, 35 முதல் 39.9 வரை இரண்டாம் நிலை, 40-உம் அதற்கு மேலும் மூன்றாம் நிலை என்று பிரிவுகள் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும், இருபது வயதினருக்கும் எண்பது வயதினருக்கும் ஒரே அட்டவணைதான். அந்த எளிமைதான் அதன் பலம். பிற்பாடு நாம் பேசப்போகும் சிக்கல்களில் பாதிக்குக் காரணமும் அதே எளிமைதான்.

எனக்கு 24.98 வந்தது. அப்படியென்றால் நான் இயல்பான எடையில் இருக்கிறேன் அல்லவா?

அட்டவணை அப்படித்தான் சொல்லும். ஆனால் அதே 68 கிலோ எடையுள்ளவர் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தராசில் ஏறினால் எடை 68.5 கிலோ, பி.எம்.ஐ. 25.16. ஒரே காலையில், ஒரே உடலோடு, இயல்பு எடையிலிருந்து அதிக எடைக்கு அவர் நகர்ந்துவிட்டார்.

உயரத்தை அளப்பதில் நேரும் தவறு இதைவிடப் பெரிது, ஏனென்றால் அது வர்க்கமாகிறது. இதே ஆளின் உயரத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்து 1.64 என்று எழுதிவிட்டால் எண் 25.28, ஒரு சென்டிமீட்டர் கூட்டி 1.66 என்று எழுதினால் 24.68. முதுகெலும்புத் தட்டுகள் பகல் முழுவதும் உடலின் பாரத்தைத் தாங்கி அமுங்குவதால், காலையில் இருக்கும் உயரத்தைவிட மாலையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்துதான் இருப்போம். பல ஆண்டுகளுக்கு முன் அளந்த உயரத்தை நினைவிலிருந்து சொல்பவர்களும், செருப்போடு அளப்பவர்களும் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

ஆகவே 24.8-க்கும் 25.2-க்கும் இடையில் மருத்துவ ரீதியாக எந்த வேறுபாடும் இல்லை. நோய்க்கான வாய்ப்பு படிப்படியாகத்தான் ஏறுகிறது. எந்த எல்லைக்கோட்டிலும் அது திடீரென்று எகிறுவதில்லை. கோடுகள் நிர்வாக வசதிக்காகப் போடப்பட்டவை.

இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தது ஒரு மருத்துவரா?

இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர். மனிதர்களின் உடலளவுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து சராசரி மனிதன் என்ற ஒரு கணித வடிவத்தை உருவாக்க முடியுமா என்று ஆராய்ந்தவர். வளர்ந்த மனிதர்களைப் பொறுத்தவரை, எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே கூடுகிறது என்பதை 1832-இல் அவர் எடுத்துக்காட்டினார். யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவருடைய ஆராய்ச்சியில் இடம்பெறவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், தங்களிடம் காப்பீடு எடுத்தவர்களில் எந்த எடையினர் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று பார்த்து, உயரத்துக்கேற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டன. மருத்துவர்களும் வெகுகாலம் அவற்றையே பயன்படுத்தினர். உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அவற்றை நம்பவில்லை. அவரும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 ஆண்களின் அளவுகளை எடுத்துக்கொண்டு, எந்தச் சூத்திரம் உயரத்தின் பாதிப்பைச் சிறப்பாக நீக்கிவிட்டு உடற்கொழுப்போடு பொருந்திப் போகிறது என்று ஒப்பிட்டனர். கெட்லேயின் பழைய சூத்திரம் வென்றது. 1972-இல் வெளியான அந்தக் கட்டுரையில்தான் இதற்கு உடல் நிறைக் குறியீட்டு எண் என்ற பெயர் வந்தது. முழுத் திருப்தி தராவிட்டாலும் மற்றவற்றுக்குக் குறைந்ததல்ல என்ற அளவில்தான் கீஸே அதைப் பரிந்துரைத்தார். ஆய்வில் பெண்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

25, 30 என்ற எல்லைகள் எப்படி வந்தன?

உடலைக் கூர்ந்து பார்த்து, இந்த இடத்தில் நோய் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து வைத்த எல்லைகள் அல்ல அவை. அமெரிக்காவில் அதிக எடைக்கென 1985-இல் வகுக்கப்பட்ட எல்லை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்தது, இருபதுகளில் உள்ள அமெரிக்கர்களைப் பி.எம்.ஐ. வரிசையில் நிறுத்தினால் 85-ஆவது விழுக்காட்டில் நிற்பவருடைய எண் அது. 1998-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் உலக சுகாதார நிறுவனத்தோடு ஒத்துப்போகும்படி எல்லையை 25 ஆக்கின. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் ஒரு கிராம் எடைகூடக் கூடாமலேயே அன்று அதிக எடையினர் ஆனார்கள். ஐந்தால் வகுபடும் எண்கள் நினைவில் நிற்கும் என்பதும் இத்தகைய முடிவுகளில் ஒரு பங்கு வகிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பி.எம்.ஐ. உண்மையில் உடற்கொழுப்பைத்தான் அளக்கிறதா?

இல்லை. தராசுக்கு எடை தெரியும். எதன் எடை என்று தெரியாது. எலும்பு, தசை, கொழுப்பு, இரத்தம், குடலில் இருக்கும் உணவு, கால் வீக்கத்தில் தேங்கிய நீர் எல்லாம் அதற்கு ஒன்றே. 1.75 மீட்டர் உயரமும் 86 கிலோ எடையும் கொண்ட பளுதூக்கும் வீரர் ஒருவரையும், அதே உயரமும் எடையும் கொண்டு நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரையும் எடுத்துக்கொண்டால், இருவருக்கும் 28 என்றே விடை வரும். முன்னவருக்குத் தோளும் தொடையும் தடித்திருக்கும். பின்னவருக்கு வயிறு முன்தள்ளியிருக்கும். அதைப் போலவே, ஒரே பி.எம்.ஐ. கொண்ட ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் பொதுவாகப் பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு அதிகமாக இருக்கும்.

இந்த விளையாட்டு வீரர் எடுத்துக்காட்டைச் சொல்லிப் பி.எம்.ஐ.-யைப் பயனற்றதென ஒதுக்குபவர்களை அடிக்கடி பார்க்கிறோம். அதில் ஒரு பிசகு இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, உடற்கொழுப்பு அதிகமில்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேரைப் பி.எம்.ஐ. சரியாகவே விலக்கிவிடுகிறது, ஆனால் உடற்கொழுப்பு உண்மையிலேயே மிகுந்திருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அதாவது, தசைக்காரரைத் தவறாகக் குண்டு என்று சொல்வது அரிதாக நேரும் பிழை. மெலிந்து தெரிபவரின் வயிற்றுக்குள் சேர்ந்திருக்கும் கொழுப்பைப் பார்க்காமல் எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவதே பெருவாரியாக நேரும் பிழை. தசைக்காரருக்குத் தன் உடல் எப்படிப்பட்டது என்பது கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். இரண்டாமவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கவலைப்பட வேண்டியது அவரைப் பற்றித்தான்.

ஒரே பி.எம்.ஐ. உள்ள இருவரின் உடல்நிலை அவ்வளவு வேறுபடுமா?

2004-இல் தி லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற இந்திய மருத்துவ ஆய்வாளரும் ஜான் யுட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லிதான். அளந்து பார்த்தபோது யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேலான வேறுபாட்டை ஒரே எண் மூடி மறைத்திருந்தது.

கொழுப்பின் அளவு மட்டுமல்ல, அது தங்கும் இடமும் முக்கியம். தோலுக்கு அடியில், குறிப்பாக இடுப்பின் கீழும் தொடையிலும் சேரும் கொழுப்பு ஒப்பீட்டளவில் சாது. கல்லீரலைச் சுற்றியும் குடல்களுக்கு இடையிலும் சேரும் உள்ளுறுப்புக் கொழுப்பு அப்படியல்ல: அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் கலக்கின்றன, கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. இரத்தச் சர்க்கரையும், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் ஏறுவதற்கு இது வழிவகுக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுப் பக்கம் இடம் மாறத் தொடங்கும். எடை அப்படியே இருக்க, பி.எம்.ஐ. அசையாமல் இருக்க, ஆபத்து மட்டும் கூடும்.

ஆசியர்களுக்கு மட்டும் 23 என்ற எல்லையைச் சொல்கிறார்களே, ஏன்?

மேலே சொன்ன படத்தின் பொருளே இதற்கும் காரணம். ஆசிய மக்கள் பலருக்கு, குறிப்பாகத் தெற்காசியர்களுக்கு, ஐரோப்பியர்களைவிடக் குறைந்த பி.எம்.ஐ.-யிலேயே உடற்கொழுப்பும் உள்ளுறுப்புக் கொழுப்பும் அதிகமாக இருக்கின்றன. சர்க்கரை நோயும் முன்னதாகவே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் இதை ஆராய்ந்து, பொதுவான எல்லைகளை மாற்றாமல், 23-ஐயும் 27.5-ஐயும் கூடுதல் கவனம் தொடங்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை இன்னும் கண்டிப்பானது: 23-இலிருந்து அதிக எடை, 25-இலிருந்து உடல் பருமன். ஒரே அறிக்கையை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாக வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுக்கு எந்த அட்டவணையை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இணையத்திலும் கைப்பேசிச் செயலிகளிலும் உள்ள கணிப்பான்கள் பெரும்பாலும் 25-ஐத்தான் வைத்திருக்கின்றன.

சற்றே அதிக எடையுடன் இருப்பவர்கள்தான் நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்று படித்தேன். அது உண்மையா?

அப்படியொரு முடிவு வெளியானது உண்மை. கேத்தரின் ஃப்ளீகலும் அவருடைய குழுவினரும் 97 ஆய்வுகளையும் ஏறத்தாழ 28.8 லட்சம் பேரையும் தொகுத்து 2013-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், 25 முதல் 30 வரை பி.எம்.ஐ. உள்ளவர்களின் இறப்பு விகிதம் இயல்பு எடையினருடையதைவிட 6 விழுக்காடு குறைவாகத் தெரிந்தது. பெரும் சர்ச்சை எழுந்தது.

எதிர்த்தவர்களின் வாதம் இது: புகைபிடிப்பவர்கள் மெலிந்திருப்பார்கள், புற்றுநோயோ நுரையீரல் நோயோ உள்ளுக்குள் வளர்ந்துகொண்டிருப்பவர்களும் கண்டறியப்படும் முன்பே மெலியத் தொடங்குவார்கள். இவர்களையும் இயல்பு எடையினர் பட்டியலில் சேர்த்தால் அந்தப் பட்டியலின் இறப்பு எண்ணிக்கை செயற்கையாகக் கூடிவிடும். 2016-இல் 239 ஆய்வுகளைச் சேர்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளிலிருந்து, ஒருபோதும் புகைக்காதவர்களையும் நாள்பட்ட நோய் இல்லாதவர்களையும் மட்டும் பிரித்தெடுத்து, தொடக்க ஐந்தாண்டு இறப்புகளையும் விலக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, இறப்பு மிகக் குறைவாக இருந்தது 20-க்கும் 25-க்கும் இடையில்தான். எதிர்த்தவர்களின் வாதமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. ஆயினும் 26 என்று வந்துவிட்டதே என்று இரவு தூங்காமல் இருப்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளுமே இடமளிக்கவில்லை. அந்த அளவில் வேறுபாடு சிறியது. மேலே செல்லச் செல்லத்தான் ஏற்றம் செங்குத்தாகிறது.

அப்படியானால் உயர்ந்த பி.எம்.ஐ.-யைப் பொருட்படுத்த வேண்டாமா?

பொருட்படுத்த வேண்டும். 30-க்கு மேல் போகப் போக, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, கொழுப்புக் கல்லீரல், முழங்கால் மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதில் ஐயமில்லை. மார்பகம், பெருங்குடல், கருப்பை உட்பட 13 உறுப்புகளில் வரும் புற்றுநோய்களுக்கும் மிகுதியான உடற்கொழுப்புக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று உண்டு என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் அறிவித்தது. எண்ணில் குறை உண்டு என்பதை, எடையால் கேடில்லை என்று படித்துக்கொள்ளக் கூடாது.

முதியவர்களுக்கும் இதே எல்லைகள் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒரு பெண்மணி நாற்பது வயதில் 1.62 மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் இருந்தார் என்று கொள்வோம், பி.எம்.ஐ. 22.9. எழுபத்தைந்து வயதில் முதுகெலும்பு தேய்ந்தும் கூனியும் உயரம் 1.56 மீட்டராகிவிட்டது. தசை கரைந்து எடையும் 57 கிலோவுக்கு வந்துவிட்டது. இப்போது கணக்கிட்டால் 23.4. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, ஆனால் எண் கூடியிருக்கிறது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், இறப்பு மிகக் குறைவாகத் தெரியும் இடமும் இளையோருக்குரியதைவிடச் சற்று மேலே தள்ளியே அமைகிறது.

இந்த வயதில் எண்ணைவிடத் தசை வலுவே முக்கியம்: கைப்பிடி இறுக்கம், நடை வேகம், உட்கார்ந்த நிலையிலிருந்து எழும் திறன். எடை குறைக்கச் சொல்லும்போது தசை போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அதோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு எப்படிப் பார்ப்பது?

கணக்கு ஒன்றுதான்; வாசிக்கும் முறை முற்றிலும் வேறு. குழந்தையின் பி.எம்.ஐ. முதல் வயதில் ஏறி, பிறகு இறங்கி, ஐந்தாறு வயதில் மிகக் குறைவாக இருந்து, மீண்டும் ஏறத் தொடங்கும். ஆகவே வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். 17 என்ற எண் ஆறு வயதுச் சிறுவனுக்கு அதிக எடையைக் காட்டும். பதினைந்து வயதுச் சிறுவனுக்கு மெலிந்த பக்கத்தைக் காட்டும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 2006-இலும், ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்கு 2007-இலும் இதற்கான வரைபடங்களை வெளியிட்டது. ஒற்றைப் புள்ளியைவிட, பல மாதங்களாகப் புள்ளிகள் செல்லும் பாதையே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். பெரியவர்களின் அட்டவணையைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எலும்பும் தோலுமாக இருக்கிறான் என்று கூடுதலாக ஊட்டத் தொடங்கும் பெற்றோர் பலர்.

கர்ப்பகாலத்தில் பி.எம்.ஐ. பார்க்கலாமா?

கருத்தரிப்பதற்கு முன்பு இருந்த எடையை வைத்துக் கணக்கிட்ட எண் மட்டுமே பயன்படும். கர்ப்பகாலத்தில் எவ்வளவு எடை கூடலாம் என்பதை மருத்துவர் அதை வைத்து முடிவு செய்வார். கால்களில் கடும் வீக்கம் உள்ளவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள், கை கால் இழந்தவர்கள் ஆகியோருக்கும் வழக்கமான கணக்கு பொருந்தாது.

எண் குறைவாக இருந்தால் நல்லதுதானே?

18.5-க்குக் கீழே போனால் நல்லதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றுதல், எலும்பு மெலிந்து எளிதில் முறிதல், மாதவிடாய் தடைப்படுதல், அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயம் ஆறத் தாமதமாதல் ஆகியவை அங்கே காத்திருக்கின்றன. 16-க்கும் கீழே இருப்பது கடுமையான மெலிவு.

எண் எந்த நிறக் கட்டத்தில் விழுகிறது என்பதைவிட, எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைக் கேட்க வேண்டிய தருணங்களும் உண்டு. ஒருவருடைய பி.எம்.ஐ. ஓராண்டில் 31-இலிருந்து 26-க்கு இறங்கியிருந்தால் அட்டவணை அதை முன்னேற்றம் என்றே காட்டும். அவர் முயன்று குறைத்திருந்தால் சரி. எந்த முயற்சியும் இல்லாமல் குறைந்திருந்தால் அது காச நோயாகவோ, சர்க்கரை நோயாகவோ, தைராய்டு மிகையாகவோ, புற்றுநோயாகவோ இருக்கக்கூடும். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் காரணமின்றி எடையில் 5 விழுக்காடு, அதாவது 80 கிலோ எடையில் 4 கிலோ குறைந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பட்டினி கிடந்து உடலை வருத்திக்கொள்ளும் உணவு ஒழுங்கின்மை உள்ளவர்களுக்கும் பி.எம்.ஐ. இயல்பு எல்லைக்குள் இருக்கலாம். எண் சரியாக இருக்கிறது என்பதாலேயே அவர்களுடைய சிக்கல் கவனிக்கப்படாமல் போவதுண்டு.

பி.எம்.ஐ. போதாதென்றால் வீட்டிலேயே வேறு எதை அளக்கலாம்?

வயிற்றின் சுற்றளவை. செலவில்லாமல் உள்ளுறுப்புக் கொழுப்பைப் பற்றி ஓரளவு ஊகிக்க இதைவிட நல்ல வழி வீட்டில் கிடையாது. அளக்கும் முறைதான் பலருக்குத் தெரிவதில்லை. விலாவின் கடைசி எலும்பைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் அப்படியே கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில், வெற்று உடம்பின் மீது, தரைக்கு இணையாக அளவு நாடாவைச் சுற்றுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இயல்பாக மூச்சை வெளியே விட்டு, அந்த நிலையில் வாசியுங்கள். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பவர் ஏமாற்றுவது தன்னைத்தான். கால்சட்டையில் அச்சிட்டிருக்கும் இடுப்பளவை நம்ப வேண்டாம். தொப்பை வளர வளர நாம் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கி அணிந்துகொள்கிறோம், ஆகவே அந்த எண் ஆண்டுக்கணக்கில் மாறாமலே இருக்கும்.

தெற்காசியர்களைப் பொறுத்தவரை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகள். ஐரோப்பிய வழி ஆண்களுக்கு அது 94. இந்த எண்களை நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: உங்கள் உயரத்துக்குச் சரியாக ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாமல் இடைவெளி விழுந்தால் வயிற்றுச் சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் இந்தப் பாதி உயர விதியைத் தன் பரிந்துரைகளில் சேர்த்தது. பி.எம்.ஐ. 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு இந்த அளவு புதிதாக எதையும் சொல்லிவிடாது. 20-க்கும் 30-க்கும் இடையில் இருப்பவர்களுக்கே இது பெரிதும் உதவும்.

கொழுப்பு விழுக்காட்டைக் காட்டும் மின்னணுத் தராசுகளை நம்பலாமா?

போக்கை அறிய உதவும். எண்ணை அப்படியே நம்ப முடியாது. நீங்கள் வெறுங்காலோடு ஏறி நின்றதும் அந்தத் தராசு ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிக மெல்லிய மின்னோட்டத்தை அனுப்புகிறது. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையின் அளவோடு வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சமன்பாட்டின் வழியே கொழுப்பை ஊகிக்கிறது. மின்சாரம் குறுக்கு வழியில் கால்களின் வழியாகவே போய்விடுவதால், நாம் அறிய விரும்பும் வயிற்றுப் பகுதியை அது சரியாகத் தொடுவதில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலும், உடற்பயிற்சி முடித்த கையோடும், எண் மாறும். தினமும் காலையில் ஒரே நிலையில் அளந்து, சில வாரச் சராசரியைப் பார்த்தால் பயன் உண்டு. துல்லியம் வேண்டுமானால் எலும்பு, தசை, கொழுப்பு மூன்றையும் இரட்டை ஆற்றல் எக்ஸ்-கதிரால் பிரித்துக் காட்டும் டெக்ஸா பரிசோதனை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது.

இத்தனை குறைகள் தெரிந்தும் மருத்துவர்கள் ஏன் இதை விடுவதில்லை?

ஒரு தராசும் ஒரு அளவுகோலும் இருந்தால் போதும், யாரும் எங்கும் அளந்துவிடலாம் என்பது முதல் காரணம். ஐம்பது ஆண்டுகால ஆராய்ச்சி முழுவதும் இந்த எண்ணின் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவது. ஒரு லட்சம் பேரின் சராசரி பத்தாண்டுகளில் எப்படி மாறியது என்று பார்ப்பதற்கு இது அருமையான கருவி, ஏனென்றால் அங்கே தனித்தனிப் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரே ஒருவருக்கு அப்படி ஈடுகட்ட வழியில்லை.

மருத்துவ உலகமும் மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2023-இல், பி.எம்.ஐ.-யைத் தனியாக வைத்து மதிப்பிடாமல் மற்ற அளவுகளோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. தி லான்செட் குழுமம் அமைத்த பன்னாட்டு வல்லுநர் ஆணையம் 2025 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனது: பி.எம்.ஐ. உயர்ந்திருந்தால் வயிற்றுச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவாலோ நேரடிக் கொழுப்பு அளவீட்டாலோ அதை உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் கொழுப்பு மிகுதியால் உறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் அதை நோய் நிலை உடல் பருமன் என்றும், பாதிப்பு இன்னும் தோன்றாவிட்டால் நோய்க்கு முந்தைய நிலை என்றும் பிரிக்க வேண்டும் என்று அது கூறியது. 40-க்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் உறுதிசெய்யும் அளவு தேவையில்லை.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

எண்ணைச் சொன்னதும், என் வயிற்றுச் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள் என்று கேளுங்கள். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை ஆகியவை எப்போது எடுக்கப்பட்டன என்று பாருங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரை நோய் இருந்தால், உங்கள் எண் 22 ஆக இருந்தாலும் அதைச் சொல்லிவிடுங்கள். மாறாக, எந்த உபாதையோடு போனாலும் முதலில் எடையைக் குறையுங்கள் என்ற பதிலே கிடைத்தால், இதே உபாதையோடு மெலிந்த ஒருவர் வந்திருந்தால் எந்தப் பரிசோதனை செய்வீர்கள் என்று பணிவாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எடையைக் குறைத்தும் அறிக்கையில் உடல் பருமன் என்றே வருகிறதே?

1.65 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 100 கிலோவிலிருந்து 93 கிலோவுக்கு இறங்கினால், பி.எம்.ஐ. 36.7-இலிருந்து 34.2 ஆகும். அட்டவணையின்படி இரண்டுமே உடல் பருமன்தான். ஆனால் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் டிரைகிளிசரைடும் கண்கூடாக இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கல்லீரலில் படிந்த கொழுப்பும் குறையத் தொடங்கும். தசைப் பயிற்சியும் செய்பவருக்குத் தராசு நகராமலே வயிறு இரண்டு விரற்கடை உள்ளே போயிருக்கலாம். அவர் அடுத்த முறை அளக்கும்போது தராசில் ஏறும் முன் அந்தப் பழைய நூலை எடுத்துச் சுற்றிப் பார்ப்பது நல்லது.